எனக்குப் பதிலா அப்பா வர்றார்

அன்பு மகனுக்கு அம்மா எழுதறது. இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கிட்டு இருக்கோம், உனக்குக் காய்ச்சல் எட்டிப் பார்க்காம, சாப்பிட்டது வயித்துல தங்கி, நல்லபடியா இருக்கணும்னு மூச்சுக்கு மூச்சு வேண்டிக்கிட்டு இருக்கேன்.

கண்ணு, டிக்கெட் தள்ளிப் போச்சுன்னு ரெண்டு வாரமா போன்ல நான் சொன்னது பொய். போன வாரம் நீ, வர இஷ்டம் இல்லேன்னா நேரா சொல்லிடும்மான்னு கேட்டியே, அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. வாயைத் திறந்தா அழுகைதான் வருது, அதான் எழுதி அப்பா கையில கொடுத்து விடறேன். உனக்கு எலும்பு மஜ்ஜை மாத்தறப்போ கூட இருக்கப் போறவங்க ஒரு பரிசோதனை எடுத்துட்டு வரணும்னு உன் ஆஸ்பத்திரி கேட்டுச்சு இல்லையா, அதுல நான் தேறலை. எனக்கு ஒரு நோவும் இல்லை, குத்துக்கல்லாட்டம் இருக்கேன், ஆனா எந்த மருந்துக்கும் சாகாத கிருமி என் குடல்ல குடி வந்திருக்காம். அப்பாவோட கால் புண்ணுக்கு ஒன்பது நாள் வார்டுல கிடந்தோமே, அங்கே ஒட்டிக்கிட்டிருக்கும்னு லேப்ல இருக்கிற அம்மா சொன்னாங்க. வந்த வழியே போயிடாதான்னு கேட்டேன். நீங்க என்ன வேலை செய்யறீங்கன்னு கேட்டாங்க, தையல் கம்பெனியில துணி வெட்டறேன்னேன். அப்போ உங்களுக்குப் புரியும், புதுசா வந்தவ ஒருத்தி கையில ஒரு அளவு அட்டை இருக்கு, பக்கத்து மேசைக்காரி அதை வச்சு அதே மாதிரி ஒரு அட்டை வெட்டிக்கிறா, அவகிட்டேர்ந்து இன்னொருத்தி, அப்புறம் முதல்ல வந்தவ வேலையை விட்டுப் போனாலும் அட்டை கம்பெனி பூரா இருக்குமில்லே, அப்படித்தான் மருந்தை முறிக்கிற வித்தையைக் கிருமிக்குக் கிருமி கொடுத்துக்குது, வேற வகைக் கிருமிக்கும் கொடுக்குது, உங்க வயித்துல இத்தனை வருஷமா சாதுவா இருந்ததுங்களும் இப்போ வாங்கி வச்சிருக்குன்னாங்க. எப்போ போகும்னா, மாசமும் ஆகலாம் வருஷமும் ஆகலாமாம்.

இதைவிட என்னைக் கொல்றது வேற. கிளம்பற நேரத்துல எனக்கு லேசா இருமல், எங்கே பயணம் நின்னுடுமோன்னு பயந்து அப்பாவோட கால் புண்ணுக்குக் கொடுத்ததுல மிச்சமிருந்த மாத்திரையை ஆறு நாள் நானே எடுத்து முழுங்கினேன். டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டார். அந்த வித்தை தெரியாததுங்களை மாத்திரை கொன்னு போட்டுச்சு, தெரிஞ்சதுங்க காலி இடத்துல பெருகிடுச்சு, நீங்களே இடம் ஒழிச்சுக் கொடுத்திருக்கீங்கன்னார். உன்கிட்ட ஓடி வரணும்னுதான்டா முழுங்கினேன். இன்னொரு தடவை பாருங்கன்னு கெஞ்சி மூணு தடவை எடுத்தாச்சு, மூணும் அதேதான். கையுறை போட்டுக்கறேன், வாசல்லயே உட்கார்ந்துக்கறேன், பிள்ளையைத் தொடக்கூட மாட்டேன்னு அழுதேன். புது மஜ்ஜை பிடிக்கிற வரைக்கும் அவன் ரத்தத்துல காவலுக்கு ஆள் இருக்காதும்மா, இது உள்ளே ஏறினா கொடுக்க மருந்து கிடையாது, முடிவை நீங்களே எடுங்கன்னார். அதுக்கப்புறம் நான் எப்படிடா வருவேன்.

அதே வார்டுல படுத்திருந்த மனுஷன், அப்பா, பரிசோதனையில தேறிட்டார். ஒருத்தருக்கு ஒட்டறது ஒருத்தருக்கு ஏன் ஒட்டலைன்னு லேப் அம்மாவுக்கே சொல்லத் தெரியலை. தெரிஞ்ச நாள்லேர்ந்து நான் மாடி ரூம், தனி பாத்ரூம், சமையல் பூரா அவர். மாடிப்படியில நின்னு கத்திக் கத்திச் சொல்லித் தர்றேன். சோறு குழைஞ்சா கஞ்சின்னு பேர் வச்சுடறார். நேத்து முட்டை வேக வைக்கிறேன்னு பாத்திரத்தையே கரிய விட்டார், வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். எப்பவும் ரெண்டு மடங்கா திருப்பித் திட்டற ஆள், அடுப்பை அணைச்சுட்டு, நீ போக வேண்டிய இடத்துக்கு நான் போறேன்னு எனக்கும் தெரியும்னு சொல்லிட்டு இன்னொரு முட்டையை எடுத்து வச்சார்.

அவர் சமையலை முகம் சுளிக்காம சாப்பிடுப்பா. உடம்பு லேசா சுட்டாலும் அப்பா பயப்படுவார்னு மறைக்காதே, உடனே நர்ஸ்கிட்ட சொல்லு. அம்மா வரலைன்னு மட்டும் நினைக்காதே, அம்மா வராம இருக்கேன். புது ரத்தம் ஊறி, தலைமுடி அடர்த்தியா முளைச்சு, நீ நீண்ட ஆயுசோட நல்லா இருப்பே.

காகிதத்துல எல்லாம் கிருமி வராதுன்னு லேப் அம்மா சொல்றாங்க, எனக்குத்தான் மனசு கேக்கலை. படிச்சு முடிச்சதும் சோப்பு போட்டுக் கையைக் கழுவிடு. அம்மா எழுத்துன்னு இதை முகத்துல வச்சுக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா