பெரார்கஞ்ச் மைதானத்தில் நீ மாற்றிப் படித்த வரி

என் பிரியமான அண்ணனுக்கு,

கண்ணை மூடிப் போன இடத்திலும் மைக்கை விடாமல்தான் இருக்கிறாயா? இந்த வருடமும் உலகத் திரைப்பட விழா நடந்தது, நீ இல்லாமல். பெரார்கஞ்ச் மைதானத்தில் திரை கட்டினார்கள். நம் அந்தமானில் வழக்கம்போல ஐந்தரைக்கே இருட்டிவிட, வங்காளிகள், தெலுங்கர்கள், நம் ஆட்கள் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

படத்தின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை இந்தியில் படித்துச் சொல்ல, உன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். இரண்டு வருடம் முன்பு நீ படித்த, கடலில் காணாமல் போகும் மீனவனின் படத்தையே உன் நினைவாக மறுபடி போட்டார்கள். அன்று எனக்கு டியூட்டி, நான் பார்த்ததில்லை. முன்கூட்டியே ஒரு தடவை பார்த்திருக்கலாம். இதில் என்ன பெரிய கஷ்டம் என்ற திமிர் எனக்கு.

கடைசிக் காட்சியில் மீனவன் மனைவிக்கு ஒரு கடிதம் வருகிறது. படித்துவிட்டு அழுகிறாள். "உங்கள் கணவரின் உடல் கிடைத்துவிட்டது" என்ற வரியை அப்படியே படித்தேன்.

"கலத்! தப்பாப் படிக்கிறாங்க!" என்று கூட்டம் கத்தியது. "அவன் வேற துறைமுகத்துல உயிரோட இருக்கான்னு உங்கண்ணன் படிச்சாரே!"

அப்போதுதான் முன்வரிசையில் கமலா அக்காவைக் கவனித்தேன். அவர் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதது உனக்குத் தெரியும். யாருக்காக மாற்றினாய் என்று உடனே புரிந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

மறுநாள் காலை அக்கா லம்பா லைனில் இருக்கும் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு படிவம். காணாமல் போனவரை இறந்தவராகப் பதிய, அக்காவின் கையெழுத்துக்காக இத்தனை நாளும் காத்திருந்த படிவம்.

"மல்லிகா, சச் சொல்லு, நெசத்தச் சொல்லு. அந்தக் கடுதாசில என்ன இருந்துச்சு?"

பொய் வாய் வரை வந்தது. "நான் படிச்சதுதான்க்கா. அண்ணன் மாத்திச் சொல்லிட்டாரு." உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. "தெரியும். அந்த ஒரு வரிய மட்டும் ஸ்கிரீனப் பாக்காம என்னயப் பாத்துப் படிச்சாரு."

படிவத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டு, "பேனா இருக்கா?" என்று கேட்டார்.

நீ செய்தது இரக்கமா? அக்காவின் இரண்டு வருடத்தைப் பிடுங்கிக்கொண்டதா? உன்மேல் கோபம் வருகிறது, கூடவே அழுகையும் வருகிறது.

அடுத்த விழாவிலும் நான்தான் படிப்பேன், அண்ணா. எந்த வரியையும் மாற்ற மாட்டேன். ஆனால் அப்படி ஒரு வரி வந்தால், மைக்கோடு இறங்கிப் போய், அது யாரைச் சுடுமோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு படிப்பேன்.

உன் பொய்யைப் போட்டு உடைத்த தங்கை,
மல்லிகா