குளிக்காதே என்று சொன்னேன்

இன்று காலை ஆரணி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்து உட்கார்ந்தாள். சீயக்காய் வாசனை. நான் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அன்று உன் தலையிலும் அதே வாசனைதான். கல்லூரி விடுமுறையில் களம்பூர் நெல் மில்லில் கணக்கு எழுதப் போயிருந்தாய். முதலாளியின் தம்பி கிடங்குக் கதவைச் சாத்தி உன்னைப் பலாத்காரம் செய்தான். உன் அம்மா வெந்நீர் போட்டு, அழுதுகொண்டே உன்னைக் குளிப்பாட்டி, புடவையையும் துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் உன் தோழியான எனக்குச் சொல்லி அனுப்பினார். பாசத்தில் செய்ததுதான். அவனைக் காப்பாற்றியதும் அதுதான்.

ஸ்டேஷனில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில், "ஸ்டேஷன்ல எழுதி வாங்கினு வாங்க" என்றார்கள். வாங்கிக்கொண்டு போனால் நர்ஸ், "அதான் குளிச்சிட்டியே, இனிமே இன்னாத்த பாக்கறது?" என்றாள். திரும்பும்போது நீ மெதுவாகச் சொன்னாய்: "அவன் வூட்ல சாப்பிட்டுகினு இருப்பான்டி. நாமதான் அலையறோம்."

அதன்பின் நீ எங்கும் போகவில்லை. தறியில் உட்கார்ந்துவிட்டாய். உன் சாவு வீட்டில் உன்னைப் பொறுமைசாலி என்றார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? என்னைப் பார்த்தால் நீ முதலில் கேட்பது, "அவன் இருக்கானா?" இருக்கிறான் என்றால், "நல்லது. அவ்ளோ சுளுவா போவக்கூடாது" என்பாய்.

நீ போன சில மாதங்களில், என் வகுப்பில் படிக்கும் வெம்பாக்கம் பக்கத்து மாணவி ஒருத்தி எனக்கு போன் செய்தாள். விடுமுறை வேலை, அதே மில், அவனேதான். இப்போது அவன் முதலாளி. "அம்மா வெந்நி போடுது மேடம்" என்றாள்.

குளிக்காதே என்றேன். துணியைத் துவைக்க விடாதே, நான் வருகிறேன் என்றேன்.

ஆஸ்பத்திரி மேஜையில் அதே பேச்சு: ஸ்டேஷனில் எழுதி வாங்கி வரவேண்டுமாம். அது இல்லாமலே பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் சட்டம், முடியாதென்றால் முடியாது என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். பரிசோதித்தார்கள். பெண்களுக்கு உதவி மையம் இருப்பதாகச் சுவரில் எழுதியிருந்தது. அது மாவட்டத் தலைநகரில். அவள் ஊரிலிருந்து எத்தனை பஸ் மாற வேண்டும் என்று எழுதவில்லை. ஸ்டேஷனுக்கும் அந்த மையத்துக்கும் நானே அழைத்துப் போனேன்.

இன்று கோர்ட்டில் வாய்தா. ஜாமீனில் வந்தவன் வராந்தாவில் என்னிடம் வந்தான். "மேடம், சுகர் இருக்குது, நிக்க முடியல. பேசி முடிச்சிக்கலாமே."

என் பின்னாலிருந்து அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். "நில்லுங்க சார். கூப்பிடற வரைக்கும் நிக்கணுமாம்."

அவன் நின்றான். அவனுக்குக் கால் நடுங்கியதை நான் நிதானமாகப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை, வரவும் வேண்டாம். தீர்ப்பை நான் நம்பவில்லை. சாட்சிகளை விலைக்கு வாங்குவான். ஆனால் வாய்தாவை நம்புகிறேன். ஒவ்வொன்றுக்கும் அவன் வரவேண்டும். அவன் கண்ணில் படுகிற இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், உன் வெறுப்போடு. அது கொஞ்சமும் குறையவில்லை.

அவனுக்கு அறுபது தாண்டிவிட்டது. எனக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை.