அவிழாத முடிச்சு

12-8-74, திங்கள்

விடிந்ததிலிருந்தே புழுக்கம். ரயில் செவ்வாப்பேட்டையில் அரை மணி நேரம் நின்றது. பட்டணத்தில் இறங்கி ஹைகோர்ட்டுக்கு ஓட்டம். பட்டியலில் இன்றும் எங்கள் கட்சிக்காரர் முனுசாமியின் வழக்குத் தீர்ப்பு இல்லை. வாதம் முடிந்து பதினொரு மாதம். ஜட்ஜ் வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். அதற்குள் சொல்லாவிட்டால் வேறு ஜட்ஜ் முன் முதலிலிருந்து வாதம்.

காக்களூர் பக்கம் முனுசாமிக்கு ஒன்றரை ஏக்கர். கம்பெனிக்காரன் தன்னுடையது என்கிறான். தீர்ப்பு வரும்வரை இருவருமே கால் வைக்கக் கூடாதென்று உத்தரவு. இரண்டு போகம் போச்சு. நெல் விளைந்த இடத்தில் முள்.

வாங்க: மை, குண்டூசி, மண்ணெண்ணெய்.

14-8, புதன்

இன்றும் இல்லை. ஒரே பேஜாரு. ஜட்ஜின் வழியனுப்பு விழாவில் எங்கள் வக்கீல் பேசுகிறாராம். "நீயே எழுதிக் குடுய்யா." குமாஸ்தா பிழைப்பு. 'ஒவ்வொரு காகிதக் கட்டையும் தாமே பிரித்து, வரி விடாமல் படிப்பவர்' என்று எழுதினேன். முதுகில் தட்டினார். எனக்கு வாய் கசந்தது.

16-8, வெள்ளி

தீர்ப்பு வரவில்லை. விழா மட்டும் நடந்தது. ரோஜா மாலை, கேக், காராபூந்தி. என் வரிக்குத்தான் பெரிய கைதட்டல். ஜட்ஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவி மனுஷன்.

19-8, திங்கள்

மழை. குடை ரயிலோடு போயிற்று.

ஜட்ஜ் அறையிலிருந்து காகிதங்கள் திரும்பின. அவர் படிப்பதற்கென்று நாங்கள் கொடுத்த எழுத்து வாதக் கட்டும். வேறு பிரதி அவரிடம் கிடையாது. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். நான் போட்ட அதே முடிச்சு. அன்று நாடா பத்தாமல் முனுசாமி தன் துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தார். அந்தப் பச்சைக் கரை, மடிப்புக் கலையாமல். பிரிக்கவே இல்லை!

வக்கீலிடம் காட்டினேன். "தலைமை நீதிபதிக்கு எழுதலாம் சார்."

"எழுதி? ஹைகோர்ட் ஜட்ஜைக் கேக்கணும்னா பார்லிமெண்ட்தான் கேக்கணும். இவரு ரிட்டயரே ஆயிட்டாரு. உன் வேலையைப் பாருய்யா."

நான் ஒரு நாள் தாமதமாக மனு போட்டால் காரணம் சொல்லிப் பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். பதினொரு மாதத்துக்கு அவர் யாரிடம் காரணம் சொன்னார்? ஒருத்தரிடமும் இல்லை. தூ!

20-8, செவ்வாய்

காலையில் எங்கள் திருவள்ளூர் ஆபீசுக்கு முனுசாமி வந்துவிட்டார். "ஜட்ஜு இன்னா எழுதினாருங்க ஐயா?"

பொய் வரவில்லை. காகிதக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். பச்சைக் கரையைத் தடவிப் பார்த்தார்.

"இது நான் குட்த்ததாச்சே. அவுக்கவே இல்லியா?"

"இல்லைங்க." விழாவில் படித்த வரி நான் எழுதியது என்பதையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். பச்சைக் கரையையே தடவிக்கொண்டிருந்தார். அது இன்னும் மோசம்.

புது ஜட்ஜுக்கு ஒழுங்காகக் கட்டித் தரலாமென்று நாடா எடுத்தேன். முடிச்சில் கை வைத்ததும் தட்டிவிட்டார்.

"கை வெக்காதய்யா! இப்டியே குடு. அவுக்கறாரான்னு அங்கயே குந்திக்கினு பாக்கறேன்."