சம்பந்தி வீட்டுக்குப் போன துப்பாக்கி

ஏ கண்ணு தையல்நாயகி, அப்பா பேசறேன், கேக்குதா? ரங்கூன்ல நீயும் மாப்பிள்ளை சீனுவாசனும் எப்பிடி இருக்கறீங்க, வயித்துல இருக்கறது உதைக்குதா, அங்கேயும் ஒரே மழையாமே. இங்க நானும் உங்கம்மாவும் எழுந்து நடமாடிக்கினு இருக்கறோம். விக்கிரவாண்டியிலேருந்து வந்த தபால்கார வெங்கடாசலத்தப் புடிச்சி, மோர் கொடுத்து உக்கார வெச்சி எழுதச் சொல்றேன், மனுசன் நான் சொல்றத ஒண்ணு விடாம எழுதறாரு, இருமினாக்கூட எழுதிடுவாரு போல. செவலைப் பசு கெடேரிக் கன்னு போட்டிருக்கு, நெத்தியில வெள்ளை, உங்கம்மா அதுக்கு உன் பேர வெச்சிக் கூப்பிடறா, நான் வேணாம்னேன், கேக்கல. மல்லாட்டை இந்த வருசம் செடிக்கு அம்பது கடலையா நல்லாத்தான் காச்சிருக்கு. காச்சி என்ன, காட்டுப்பன்னிக்குத்தான் விருந்து. நம்ம வீட்டுல இப்ப துப்பாக்கி இல்லம்மா.

பட்டாளத்துல கழிச்சுப் போட்டு ஏலத்துல வந்த அந்தப் பழசுதான். கட்டையில கிரீடம் போட்ட முத்திரை இருக்குமே, நீ சின்னதுல அதுக்குக் குங்குமம் வெப்பியே. வாய் வழியா மருந்தக் கொட்டி, நீ பிரிச்சிக் கொடுக்கற தேங்கா நாரை வெச்சிக் கம்பியால இடிச்சி, ஈய ரவையப் போட்டு, மேல இன்னும் கொஞ்சம் நாரு, கடைசியா நெருப்புப் பத்த வெக்கற கேப்பு. மொத மொத வெடிச்ச அன்னிக்கு நான் கேழ்வரகுக் கொல்லையில மல்லாந்து விழுந்து கெடக்கறேன், பன்னி போகாம நின்னு என்னையே பாக்குது, செத்துட்டானான்னு. அதுல ஒரு கோளாறு உனக்குத் தெரியும். கேப்பு மேல அடிக்கற குதிரைய இழுத்து வெச்சா நிக்காது, தானா விழுந்து வெடிச்சிடும். உன் சிவப்புப் பாவாடையில ஒரு துண்டு கிழிச்சி அதக் கட்டி வெச்சிருந்தேன். அந்தக் கட்டு என் கைக்குத்தான் வரும். அத எடுத்துக்கினு எத்தினி பேரு கொல்லைக்குப் போயிருக்கேன், உங்க மாமனாரு கொல்லைக்குத்தான் மொதல்ல, சம்பந்தியாச்சேன்னு.

தை மாசம் உங்க மாமனாரோட அப்பா தவறினாரே, பெரிய சண்டைக்கு பஸ்ரா வரைக்கும் போய் வந்த கெழவரு, அங்க ஒட்டகப் பாலுல டீ குடிச்ச கதைய நூறு வாட்டி சொல்லியிருப்பாரு, பாவம். அவர நடு வீட்டுல கெடத்தியிருக்கு. உங்க மாமனாரு கோதண்டபாணி என் கையப் புடிச்சிக் காதோட சொல்றாரு, பட்டாளத்துக்காரருக்குப் பட்டாளத்துத் துப்பாக்கியால ஒரு வேட்டு போடணும், அதுவும் அவரு கூடப் பட்டாளத்துல இருந்த தாண்டவராயன் கையால போடணும், நான் கேக்கல சம்பந்தி, இந்தப் பொணம் கேக்குதுன்னு நெனைச்சிக்கங்கன்னு. பொணம் கெடக்கற வீட்டுல கேட்டத இல்லேன்னு சொல்ற வழக்கம் நம்ம பக்கத்துல உண்டா? லைசென்ஸ் என் பேருல, வேற ஆளு வெடிக்கக் கூடாது, தெரிஞ்சேதான் கொடுத்தேன். தாண்டவராயன் பக்கத்துலயே நின்னு நானே கட்ட அவுத்துவிட்டேன்.

மாசி மாசம் விழுப்புரம் தாலுக்கா ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. ஆபீசுல குமாஸ்தா ஒருத்தன் சிரிச்சிக்கினே கேக்கறான், ஏம்பா, பொணம் கேட்டுச்சுன்னு துப்பாக்கியத் தூக்கிக் கொடுத்தியாமேன்னு. அந்தப் பேச்சு விழுந்தது என் காதுல மட்டும்தான். சொன்னவரு ஒருத்தரு. பக்கத்துல கெடந்தவர எரிச்சாச்சு. அப்ப எழுதிப் போட்டது வேற யாரு? லைசென்ஸ் போச்சு, துப்பாக்கிய வாங்கிக்கினாங்க. கட்டியிருந்த துணிய மட்டும் உருவி மடியில வெச்சிக்கினேன், இது சர்க்காரு சாமான் இல்ல, என் பொண்ணு பாவாடைன்னு சொல்லிட்டேன். பங்குனி முடியறதுக்குள்ள அதே துப்பாக்கி உங்க மாமனாரு பேருக்கு ஆயி, அவரு வீட்டுச் செவுத்துல மாட்டியாச்சு. போய்க் கேட்டேன். வெளியாளுக்குப் போறதுக்கு நம்ம குடும்பத்துலயே இருக்கட்டுமே, இதுக்குப் போயி கோவமா சம்பந்தின்னு வெத்தலத் தட்ட நகத்தறாரு. நான் வெத்தல தொடல. கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன் கண்ணு, அதான் ஆற மாட்டேங்குது. பெத்தவரு பொணத்த நடுவுல வெச்சா ஒருத்தனக் கவுக்கறது?

மாப்பிள்ளை எதிர்ல இதப் படிக்காத, அவரு மேல ஒரு தப்பும் இல்ல, முகம் வாடிப் போவாரு. திண்டிவனம் பள்ளிக்கூடத்துல உன்னப் படிக்க வெச்சது நல்லதாப் போச்சு, தனியாப் படிச்சிக் கிழிச்சிப் போட்டுடு. மாடிப்படி ஜல்தியா எறங்காத. மாரியாத்தா புண்ணியத்துல நீயும் புள்ளையும் ரெண்டு உசுரா நல்லபடி பிரிஞ்சி, நீ தீர்க்க சுமங்கலியா இருக்கணும். தலைப் பிரசவத்துக்குக் கப்பல் ஏறுமுன்ன தந்தி கொடுக்க மறந்துடாத, பட்டணத்துக்கு நானே வண்டியேறி வர்றேன். நேரா நம்ம வீட்டுக்கு வா. நீ அந்த வீட்டுக்குப் போகணும்னா போ, நான் தடுக்க மாட்டேன், ஆனா நான் அந்த வாசப்படி மிதிக்கறதில்ல, அந்த மனுசன் மூஞ்சிலயும் முழிக்கறதில்ல, அந்தத் துணியையும் என் உசுரு போனாலும் அவருக்குக் கொடுக்கறதில்லன்னு, இருங்க வெங்கடாசலம், வேலியண்ட யாரு கூப்பிடறது, பன்னி எறங்கிடுச்சாம், குதிரை நிக்க மாட்டேங்குதாம், அய்யய்யோ கேப்பு வேற மாட்டிக்கினு நிக்கறாரே, சம்பந்தி, அசையாதீங்க, குதிரைய விரலால அழுத்திப் புடிச்சிக்கினு அப்பிடியே நில்லுங்க, துணி என் மடியிலதான் இருக்கு, இதோ நான்