காப்பிக்கு எழுந்த ஓட்டு

ஹாலோ பிரிட்ஜ், வெர்மான்ட்
மார்ச், புதன்கிழமை

அன்பு மகன் ஜெராருக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நாயும் நீ விட்டுப்போன பழைய டிரக்கும் சுகம், டிரக் மட்டும் காலையில் கொஞ்சம் இருமுகிறது. நெவாடாப் பாலைவனத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, பகலில் படுத்தாலும் நிம்மதியாகத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். மேப்பிள் மரங்களில் சாறு இறங்க ஆரம்பித்துவிட்டது, பாதையெல்லாம் ஒரே சேறு, அப்பாவின் பூட்ஸ் ஒன்றைச் சேறு பிடித்து வைத்துக்கொண்டது, மனிதர் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் சிரித்ததற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஊர்க்கூட்டம். அங்கே நடந்ததை வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும், வேலையிடத்து வாசலிலேயே உன் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்பதால் கடிதம்தான் எனக்குத் தோது. உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ப்ரூடன்ஸ் டீச்சர் இந்த வருடம் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார். ஆளில்லா விமானத் தாக்குதல்களில் எத்தனை பொதுஜனம் செத்தது என்று அரசாங்கம் வருடாவருடம் வெளியே சொல்ல வேண்டும், நாடாளுமன்றத்தைக் கேட்காமல் புதிய நாடுகளில் குண்டு போடக் கூடாது, இதை நம் ஊர் வாஷிங்டனுக்கு எழுத வேண்டும் என்று. வீட்டில் ஒரு வாரமாக இதே சண்டைதான். பட்டாளத்து விஷயத்தைப் பட்டாளம் பார்த்துக்கொள்ளும், ஊர் மூக்கை நுழைக்க வேண்டாம் என்பது அப்பாவின் கட்சி. நீ பிறப்பதற்கு முன் குவைத் போருக்குப் போய் வந்தவர், அதைப் பற்றி என்னிடம்கூட வாய் திறந்ததில்லை, அவரிடம் நான் எதைச் சொல்லி ஜெயிப்பது.

கூட்டத்தில் சாலை போடும் வண்டியைப் பற்றி மட்டும் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். மதியச் சாப்பாட்டில் நான் சுட்ட மேப்பிள் கேக் பத்து நிமிஷத்தில் காலி, தட்டை வழித்ததில் பாதிரியாரும் உண்டு. அப்புறம்தான் டீச்சரின் தீர்மானம் வந்தது. தலைவர் ஹார்லன் அதைப் படித்து முடிப்பதற்குள் நம் சாலை மேஸ்திரி டுவைட் எழுந்து, இதை விவாதிக்காமல் தள்ளிவைத்துவிடலாம் என்றார். யாரும் காரணம் கேட்கவில்லை. ஆனால் அத்தனை பேரும் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று ஜன்னலைப் பார்த்தார்கள். நீ நெவாடாவில் உட்கார்ந்து அந்த விமானங்களைத்தான் ஓட்டுகிறாய் என்று ஊருக்கே தெரியும் அல்லவா, என் மனம் நோகக் கூடாதாம். எனக்கு அந்த அன்பு பிடிக்கவில்லை ஜெரார், கோபம்தான் வந்தது. தள்ளிவைக்க வேண்டாம், பேசுங்கள் என்று நானே எழுந்து சொன்னேன்.

பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். டுவைட்டின் அண்ணன் மகன் போரில் ஒரு காலை விட்டுவிட்டு வந்தது உனக்கு நினைவிருக்கும். ஆளில்லா விமானம் போனால் நம் பிள்ளைகள் முழுசாகத் திரும்புகிறார்கள், எண்ணிக்கையை எல்லாம் வெளியே சொன்னால் எதிரிக்குத்தான் வசதி என்றார் டுவைட். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். டீச்சர் தன் பாணியில், விடை சரியாக இருந்தாலும் வழியைக் காட்டாதவனுக்கு நான் பாதி மார்க்குதான் போடுவேன், அரசாங்கத்துக்கு மட்டும் எதற்கு முழு மார்க் என்று கேட்டார். கூடமே சிரித்தது.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன், அதற்காக நீ என்னைத் திட்டலாம். போன நவம்பர் விருந்தன்று பாத்திரம் கழுவும்போது, "எல்லாரும் எனக்கு நன்றி சொல்றாங்கம்மா, எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல" என்று சொன்னாயே, அதை என் வார்த்தையாக மாற்றிச் சொல்லிவிட்டேன். "என் பிள்ளைக்கு நன்றி சொல்றீங்க, சந்தோஷம். அவன் எதைச் செய்யறான்னு கேக்கற தைரியமும் வேணும். கேக்காம இருந்தா எல்லாத்தையும் அவன் ஒருத்தனேதானே சுமக்கணும்" என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. உனக்கு எதிராக ஓட்டுப் போட்டேன் என்று நீ நினைத்துவிடுவாயோ என்பதுதான் நேற்றிலிருந்து என் பயம்.

குரல் ஓட்டில் தெளிவாகவில்லை, எழுந்து நிற்கச் சொல்லி ஹார்லன் எண்ணினார். ஆதரவு ஐம்பத்தெட்டு, எதிர்ப்பு ஐம்பத்தேழு. இந்த வேடிக்கையைக் கேள், அந்த ஐம்பத்தெட்டில் உன் அப்பாவும் ஒருவர். ஆதரவு ஓட்டை எண்ணும் நேரம் பார்த்து மனிதர் கையில் கோப்பையோடு காப்பிக்கு எழுந்திருக்கிறார். டுவைட் விடவில்லை, நீ எங்க பக்கம்தானே, திருத்திச் சொல் என்றார். அப்பா கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காப்பிக்குத்தான் எழுந்தேன். ஆனா எழுந்தது எழுந்ததுதான், எண்ணினது எண்ணினதாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தன் தப்பை ஒத்துக்கொள்ளாத பிடிவாதத்தால் தீர்மானத்தை ஜெயிக்கவைத்த ஒரே ஆள் இவர்தான் என்று வழியெல்லாம் கிண்டல் செய்துகொண்டே வந்தேன். டுவைட் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன், இன்று காலை அவரே வந்து நம் பாதையில் சரளை கொட்டிவிட்டுப் போனார். எனக்காக இல்லையாம், டிரக்குக்காகவாம்.

நம் ஊர்க் கடிதம் வாஷிங்டனில் எந்தக் குப்பைக்கூடைக்குப் போகுமோ தெரியாது. நீ மட்டும் ஞாயிற்றுக்கிழமை போன் செய். திட்டுவதற்கானாலும் செய். சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டாம், நான் கேட்கிறேன் என்பது உனக்குத் தெரிந்தால் போதும். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், பாலைவனத்துக்கு எதற்கு என்று சிரிக்காதே, இரவில் அங்கேயும் குளிரும். கடவுள் உன் கூடவே இருக்கட்டும். உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி அப்பாவிடம் கொடுக்கிறேன், மறக்காமல் போடுவாரா பார்ப்போம்.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
நோரீன்

ஜெரார், காப்பிப் பானை மதியமே காலியாகிவிட்டது. தெரிந்துதான் எழுந்தேன். குவைத்திலிருந்து வந்தபோது எனக்கும் எல்லோரும் நன்றி சொன்னார்கள், ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவிடம் சொல்லாதே.
அப்பா