அனுமதியின்றி இருமியமைக்கு ஒரு விளக்கம்

அனுப்புநர்:
அறிவிப்பாளர்,
அறிவிப்பு அறை (கட்டுப்பாட்டு அறைக்கு அடுத்தது),
பேருந்து நிலையம்.

பெறுநர்:
மண்டல மேலாளர் அவர்கள்,
போக்குவரத்து அலுவலகம்.
(நிலைய மேற்பார்வையாளர் வழியாகவே மனு அனுப்ப வேண்டும் என்பது விதி. அவர் அறைக்குள் போனால் எனக்கு இருமல் வரும் என்பதால் நேரடியாக அனுப்புகிறேன். மன்னிக்கவும்.)

பொருள்: கட்டுப்பாட்டு அறையின் சிகரெட் புகை அறிவிப்பு அறைக்குள் வருவதைத் தடுக்கவும், என்னைச் சாமான் அறைக்கு மாற்றும் உத்தரவை ரத்து செய்யவும் வேண்டுதல்.

பார்வை: 'அனுமதியின்றி ஒலிபெருக்கியில் இருமி, பேருந்தைப் புறப்படச் செய்தமை' குறித்து எனக்கு வழங்கப்பட்ட மெமோ.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இருமிக்கொண்டே சொன்னாலும் மரியாதையில் குறைவில்லை.

1. எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது, யாருடைய குழந்தை அழுதுகொண்டிருக்கிறது, யாருடைய பை கிடைத்திருக்கிறது என்பதையெல்லாம் பயணிகளுக்குச் சொல்வது என் வேலை. இவற்றுக்கு நடுவே, "நிலைய வளாகத்தில் புகை பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம்" என்பதையும் அடிக்கடி வாசிக்க வேண்டும். நான் அதை வாசிக்கும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்கும். வாசித்து முடித்ததும் மேற்பார்வையாளர் சுவரைத் தட்டி, "சூப்பர்மா, இன்னைக்கு நல்லா அழுத்திச் சொன்னீங்க" என்று பாராட்டுவார். பாராட்டில் குறை வைத்ததே இல்லை.

2. இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது மேற்பார்வையாளரே மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். நேரக்காப்பாளர் என்னைப் பார்த்துவிட்டால் போதும், சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். அவ்வளவு மரியாதை. புகைக்குத்தான் அந்த மரியாதை தெரியவில்லை, அவர் தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்துவிடுகிறது.

3. வாய்மொழியாக நான் பலமுறை முறையிட்டேன். கிடைத்த பதில்களை மாற்றாமல் தருகிறேன். மேற்பார்வையாளர்: "இத்தனை வருஷமா இழுக்கிற எனக்கே ஒண்ணும் ஆகலை. சும்மா பக்கத்துல உக்காந்திருக்கிற உங்களுக்கு என்னம்மா ஆயிடப்போகுது?" நேரக்காப்பாளர்: "கஷ்டமா இருந்தா கொஞ்ச நேரம் வெளிய போய் நின்னுட்டு வாங்களேன்." மைக் வெளியே வராது என்பதை அவருக்கு நினைவூட்டினேன். சிகரெட்டையே தொடாத காசாளர் அம்மா, "ஆம்பளைங்க டென்ஷன், என்ன பண்றது, அனுசரிச்சுப் போங்க" என்று சொல்லி, ரோஜா வாசனை அடிக்கும் ஸ்பிரே ஒன்றை அன்போடு வாங்கித் தந்தார். அன்றிலிருந்து ரோஜா வாசனையோடு இருமுகிறேன்.

4. எழுத்து மூலம் கொடுத்த புகாருக்கு உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன். எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வந்தது. வெளிச்சுவரில் ஓட்டை போட மேலிடத்து அனுமதி வேண்டுமாம், உள்சுவருக்கு வேண்டாமாம். ஆகவே கட்டுப்பாட்டு அறைக்கும் என் அறைக்கும் நடுவே உள்ள சுவரில் அதைப் பொருத்தினார்கள். ஃபேன் மிக நன்றாக வேலை செய்கிறது. "இப்ப ரூம்ல புகையே தங்கறதில்லை" என்று நேரக்காப்பாளர் மகிழ்கிறார். முன்பு கேன்டீனுக்குப் பின்னால் நின்று பிடித்தவர்களும் காற்றோட்டத்தை உத்தேசித்து இங்கேயே வருகிறார்கள். அந்தக் காற்று ஓடி வந்து சேரும் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

5. இனி, மெமோவில் கண்ட சம்பவம். அறிவிப்புக்கு முன் ஒலிக்கும் மணி பழுதாகி நெடுநாள் ஆகிறது. மைக்கைப் போட்டதும் நான் இருமுவது வழக்கமாகிவிட்டதால், ஓட்டுநர்கள் அந்த இருமலையே மணியாக வைத்துக்கொண்டார்கள். "அக்கா இருமிட்டாங்க, வண்டியை எடு" என்று அவர்கள் பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். அன்று காணாமல் போன சிறுவனின் பெற்றோரை அழைத்துக்கொண்டிருந்தபோது ஃபேன் வழியாக ஒரே மொத்தமாகப் புகை வந்தது. மைக்கை அணைக்க முடியாத அளவுக்கு இருமினேன். கடைசி மேடையில் நின்ற பேருந்து உடனே புறப்பட்டது. அதன் நடத்துநர் டீக்கடையில் இருந்தார். விசிலை ஊதிக்கொண்டே பின்னால் ஓடினார். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ என்பது தாங்கள் அறிந்ததே. மூச்சு வாங்கியதில் அவர் விசில் இரண்டிரண்டாகவே வந்தது. ஓட்டுநர் மகிழ்ச்சியுடன் வேகத்தைக் கூட்டினார்.

6. விசாரணை கட்டுப்பாட்டு அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி, "இந்த இருமல் எப்பலேருந்து இருக்கு?" என்று கேட்டபடியே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். நான் இருமினேன். அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார்கள்.

7. ஐயா, சிரிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. தொண்டையைப் பார்த்த மருத்துவர், "இன்னும் கொஞ்ச நாள் இதே புகையில இருந்தீங்கன்னா குரல் திரும்பாது" என்று சொல்லிவிட்டார். அலுவலகமும் குரல் விஷயத்தில் அக்கறை காட்டியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பதிவு செய்து வைத்திருந்த என் பழைய அறிவிப்புகளைத் தேடி எடுத்து, இனி அவற்றையே ஒலிபரப்பலாம், என்னைச் சாமான் அறைக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். என் வேலையை என்னிடமிருந்து பறித்து எனக்கே கொடுத்திருக்கிறார்கள் என்பதால் யாரிடம் சண்டை போடுவது என்றும் தெரியவில்லை.

8. ஆகவே ஃபேனை வெளிச்சுவருக்கு மாற்றவும், அதைவிட எளிதாக, புகை பிடிப்பது குற்றம் என்று நான் வாசிக்கும் அந்த ஒரு வரியைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களும் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவும், மாற்றல் உத்தரவை ரத்து செய்யவும் வேண்டிக்கொள்கிறேன். எனக்கு என் மைக் வேண்டும். வேறு எந்த வேலையும் நான் இவ்வளவு பிரியமாகச் செய்ததில்லை.

நேற்று அந்தப் பழைய பதிவை ஒலிபெருக்கியில் போட்டுச் சோதித்தார்கள். பள்ளி விட்டு வந்த என் மகள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அண்ணாந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அம்மா, யாரும்மா இந்த அக்கா? உன்னைவிட நல்லா பேசுறாங்க" என்றாள்.



இடம்: அறிவிப்பு அறை வாசல்
நாள்: மெமோவுக்குப் பதில் தரக் கடைசி நாள்

இப்படிக்கு,
இன்று வரை பணியில் இருக்கும்,
(ஒப்பம்)
அறிவிப்பாளர்