டிலக்ஷியின் பசி

பாலையூற்று,
திருகோணமலை.

தங்கச்சி ஜசிந்தாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் கனடாவில் சுகமாக இருப்பீர்கள். நாங்கள் சுகமில்லை. தொலைபேசியில் கதைத்தால் நான் கத்துவேன், நீ அழுவாய், கடைசியில் நான்தான் சமாதானம் சொல்ல வேண்டி வரும். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் என் மகள், உன் பெறாமகள் டிலக்ஷி பஸ்ஸில் மயங்கி விழுந்தாள். குச்சவெளி முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு வரும் வழி. பஸ் நிலாவெளிக்கு வந்தபோது நின்ற நிலையிலேயே சரிந்தாளாம். நடத்துநர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குச் சொன்னார். நெற்றியில் தையல் போட்டார்கள்.

அவளுக்குச் சூலகத்தில் நீர்க்கட்டி, அதனால்தான் மாதவிடாய் தள்ளிப் போகிறது என்று டாக்டர் சொன்ன அன்றே உனக்குத்தான் முதலில் சொன்னேன். ஆறுதல் சொல்வாய் என்று நினைத்தேன். நீயோ எனக்குத் தெரியாமல் அவளுக்கு வீடியோ அனுப்பினாய். டாக்டர் தந்த குளிசையை நிறுத்து என்றாய். சோறு விஷம் என்றாய். வெந்தயத் தண்ணீரும் நீ அனுப்பிய பச்சைத் தூளும் போதும் என்றாய். ஞாயிறுதோறும் நிறை பார்த்துப் படம் அனுப்பச் சொன்னாய். அவளும் பூசைக்குப் போகுமுன் நிறை பார்க்கும் மெசினில் ஏறியிருக்கிறாள். நான் போட்டுக் கொடுத்த சோற்றைக் குசினிக்குப் பின்னால் நாய்க்கு வைத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் அவளை ஏசினேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, பசிக்குது எண்டு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு."

அதற்குப் பிறகு என்னால் ஏச ஏலாமல் போய்விட்டது.

டாக்டர் அம்மா வெந்தயத்துக்கு எதிரி இல்லை. சாப்பாடு, நடை, நித்திரை மூன்றும் இந்த வருத்தத்துக்கு முக்கியம் என்றுதான் அவவும் சொல்கிறா. ஆனால் பட்டினி வைத்தியம் இல்லையாம். தன்னைக் கேட்காமல் குளிசையை நிறுத்தக் கூடாதாம். இப்போது பின்னேரங்களில் நாங்கள் இருவரும் துறைமுகக் கரையோரம் நடக்கிறோம். தட்டில் பாதிக்கு மரக்கறி, ஒரு துண்டு மீன், கொஞ்சம் சிவப்பரிசிச் சோறு. நேற்று மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

உன் அவசரம் எனக்குத் தெரியும். ஓகஸ்ட்டில் உன் மச்சாளின் மகன் டிலான் பெண் பார்க்க வருமுன் அவளை மெலிய வைக்கப் பார்த்தாய். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று மட்டும் சொல்லாதே. அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அவனுடைய தாய்க்கு நானே சொல்லிவிட்டேன். டிலக்ஷியைக் கேட்டுத்தான் சொன்னேன். நீ இடையில் நின்று சரிக்கட்ட வேண்டாம்.

ஆனாலும் ஓகஸ்ட்டில் நீ வா. வெறுங்கையோடு வா. அவளைக் கண்டதும் மெலிந்தாய், பருத்தாய் என்று வாய் திறக்காதே. அவளுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, சேர்ந்திருந்து சாப்பிடு. சித்தி கோவமோ என்று அவள் என்னிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.

மாதா உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும்.

கோபம் தீராத அக்கா,
றோஸ்